சக்கரத்துக்குப் பூசிய சந்தனம்

சக்கரத்தைப் பொருத்துவதற்கு முன் அது உட்காரும் தட்டையும் போல்ட்டுகளின் மரையையும் துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டும். எண்ணெய், மண், வேறு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. நட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச்சால் அளவு பார்த்து முடிக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடியும் ஒருமுறை அளவு பார்க்க வேண்டும். எங்கள் காரோடு வந்த கையேட்டில் இவ்வளவும் இருக்கிறது. அந்தக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் பாளையங்கோட்டையிலேயே நான் ஒருவன்தான் என்று என் மனைவி சொல்வாள். பாராட்டாகச் சொல்வதில்லை.

காரை ஓட்டுபவள் அவள். என் இடது கண்ணில் பார்வை குறைந்த பிறகு நான் ஓட்டுவதை விட்டுவிட்டேன். அவள் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, பேரப்பிள்ளை வயதுப் பையன்களோடு எட்டுப் போட்டு உரிமம் வாங்கினாள். காரணம் அவளுடைய அக்கா. கொற்கைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் போய், தலை வாரிவிட்டு, சோறு ஊட்டி, ஊர் வம்பு பேசிவிட்டு வருவாள். பஸ்ஸில் போனால் ஏரலில் இறங்கி மினி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அது வரும், வராமலும் இருக்கும்.

தை மாதம் நாலு டயரையும் மாற்றினோம். புறவழிச்சாலையில் பெரிய கடை. ஒரு டயர் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றது என்று பலகை சொன்னது. பெயரைச் சொல்ல மாட்டேன். அவதூறு வழக்கின் நடைமுறையும் எனக்குத் தெரியும். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள மாட்டி வெளிய எடுத்திருவோம். நீங்க அங்கன ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

உட்காரவில்லை. நின்று பார்த்தேன். பழைய சக்கரங்கள் கழன்றன, புது டயர்கள் ஏறின. அதுவரை குறையில்லை. பிறகு முதலாளியே ஒரு கிண்ணத்தோடு வந்தார். குழைத்த சந்தனம், மேலே குங்குமம். டயருக்கு ஒரு பொட்டு வைத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர் குனிந்து, சக்கரம் உட்கார வேண்டிய தட்டின் நடுவில் ஒரு கை சந்தனம் அப்பினார். பிறகு ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் விரலால் ஒரு இழுப்பு. நாலு சக்கரத்துக்கும் அதே பக்தி.

"தம்பி, மரையில எதுவும் பூசக் கூடாது. துடைச்சிட்டு மாட்டச் சொல்லுங்க."

"சாமி காரியம் அண்ணாச்சி. மேல வச்சா ஒரு மழையில போயிரும். உள்ள வச்சா டயர் தேயுத வரைக்கும் இருக்கும். நம்ம கடையில எல்லா வண்டிக்கும் இப்படித்தான்."

"டார்க் ரென்ச்சாவது இருக்கா?"

"இல்லாமயா? அந்தா தொங்குது பாருங்க."

தொங்கியது. சுவரில் ஆணியில், ஆயுத பூஜைக்குப் போட்ட கதம்பம் சருகாகி அதன் கழுத்தில் இருந்தது. இறக்குபவர் யாரும் இல்லை. வேலையாள் நட்டு முறுக்கும் காற்றுத் துப்பாக்கியை எடுத்து, வரிசையாகக் கடகடவென்று நட்டுகளை அடித்து முடித்தான். நாலு எலுமிச்சம்பழம் நாலு டயருக்கும் கீழே வைக்கப்பட்டன. என் மனைவி அவற்றின் மேல் ஏற்றி வண்டியை வெளியே எடுத்தபோது ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. முதலாளியின் முகத்தில் கடமை முடிந்த நிறைவு.

மறு வாரம் நட்டுகளை மறுபடி அளவு பார்க்கச் சொல்லி அதே கடைக்குப் போனோம். "நம்ம கையால மாட்டினது டீச்சரம்மா. ரெண்டாந்தரம் பாக்குத சோலியே கிடையாது" என்று கல்லாவில் இருந்தபடியே கையை அசைத்து அனுப்பிவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கருங்குளம் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். நான் அவள் பக்கத்து இருக்கையில். முன்பக்கம் இடதுபுறம், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். ஸ்டியரிங் அவள் கையில் நடுங்கியதை நான் பார்த்தேன். பிரேக்கை மிதிக்காமல், வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, பின்னால் வந்த லாரிக்கு வழிகாட்டி, பைய மண்தரையில் இறக்கி நிறுத்தினாள். இறங்கிப் பார்த்தால் இடது முன் சக்கரத்தில் இருக்க வேண்டிய நாலு நட்டுகளில் ஒன்றைக் காணோம். மற்ற மூன்றும் விரலால் சுற்ற வந்தன. சக்கரம் ஆடி ஆடி, போல்ட் நுழையும் துளைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. மரையெல்லாம் மழுங்கிவிட்டது. இன்னும் ஒரு மைல் போயிருந்தால் சக்கரம் எங்களுக்கு முன்னால் ஏரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

வாழைத்தார் ஏற்றி வந்த வேன்காரர் ஒருவர் நிறுத்தினார். நல்ல மனிதர். சக்கரத்தைப் பார்த்தார், ஓட்டுநர் இருக்கைப் பக்கம் நின்ற என் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னிடம் கேட்டார்: "அம்மா எங்கயும் கல்லுல ஏத்திட்டாங்களா?"

பழி அங்கே தொடங்கியது. இழுத்து வரும் வண்டியை அமர்த்தி, காரை அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். முதலாளி உட்கார்ந்து பார்க்கக்கூட இல்லை.

"டிவைடர்ல தட்டியிருக்காங்க அண்ணாச்சி. இல்லாம நட்டு கழலாது. டீச்சரம்மாவுக்கு ஞாபகம் இல்லாம இருக்கும்."

"நான் பக்கத்துலதான் இருந்தேன். எதுலயும் தட்டல."

"நீங்க வீட்டம்மாவ விட்டுக் குடுப்பீங்களா?" என்று சிரித்தார். டயர் மாற்ற வந்திருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

முப்பது வருடங்களுக்கு மேல் அரசு அலுவலகத்தில் விசாரணைக் கோப்புகளைப் பார்த்தவன் நான். கண்ணால் கண்ட சாட்சியைக் கணவன் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி செய்யும் சட்டப்பிரிவு எங்கும் இல்லை. புறவழிச்சாலையில் இருக்கிறது.

செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து மகன் பேசினான்: "அப்பா, போதும். இனிமே அம்மாவ ஓட்ட விடாதீங்க." மனைவியின் தம்பி நேரிலேயே வந்தார். "அத்தான், அக்காவுக்கு இந்த வயசுல என்னத்துக்கு இந்தச் சள்ளை? டிரைவர் ஒருத்தன வச்சிக்கிடுங்க." லாரிக்கு வழிவிட்டு, குலுங்கும் வண்டியைக் கீறல் இல்லாமல் நிறுத்தியவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண் ஓட்டியிருந்தால் 'என்னமா நிப்பாட்டியிருக்காரு' என்று தெரு முழுக்கப் பேச்சாகியிருக்கும்.

அதெல்லாம் போகட்டும். இரண்டு நாள் கழித்து, காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏங்க, நான் எங்கயாவது தட்டித்தான் இருப்பேனோ?"

வகுப்பில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டால் யார் சொன்னாலும் அழிக்காதவள் அவள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. சக்கரத்தின் ரிம் கெட்டால் வேறு ரிம் வாங்கலாம். அந்தக் கடைக்காரன் கெடுத்தது அதை மட்டுமா?

வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸில் போனாள்.

நான் காரை வேறொரு பட்டறையில் விட்டேன். அவர்கள் கைவைக்கும் முன் ஒரு நிபந்தனை போட்டேன்: மற்ற மூன்று சக்கரங்களையும் என் கண் முன்னால் கழற்ற வேண்டும், ஒவ்வொன்றையும் படம் எடுப்பேன். பட்டறைக்காரர் ஸ்பானரை வைத்து லேசாகத் தட்டியதும் நட்டுகள் சுற்றிக்கொண்டு வந்தன. ஒன்று, இரண்டு என்றில்லை, மூன்று சக்கரங்களிலும். சக்கரத்தை இழுத்தபோது உள்ளேயிருந்து மஞ்சள் நிறத்தில் தூள் கொட்டியது. தட்டில் சந்தனம் அடையாகக் காய்ந்து, பாதி உதிர்ந்திருந்தது. ஈரமாக இருந்தபோது நட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டு இறுகிய மாதிரி நடித்திருக்கிறது. காய்ந்து பொடியானதும் அந்த இடம் வெற்றிடமாகி, நட்டு தளர்ந்துவிட்டது. அன்று மாலை மனைவியை அழைத்துப் போய்க் காட்டினேன். குனிந்து ஒரு போல்ட்டைத் தொட்டு, விரலில் ஒட்டிய தூளை முகர்ந்து பார்த்தாள்.

"நாலு சக்கரத்தையும் ஒரே சமயத்துல கல்லுல ஏத்தணும்னா வண்டி பறந்து வந்துதான் இறங்கணும்," என்றாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

பழுது பார்க்கும் வேலை மெதுவாக நடந்தது. மழுங்கிய போல்ட்டுகளைத் தட்டி வெளியேற்றிப் புதியவை ஏற்றினார்கள். தட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்தார்கள். முட்டைத் துளை விழுந்த ரிம்மில் வெல்டிங் வைத்து மறுபடி துளை போட்டுத் தருகிறோம் என்றார்கள். அதில் என் மனைவி போவாள் என்றேன். புது ரிம் வரவழைத்தார்கள். கடைசியில் டார்க் ரென்ச்சை எடுத்து, ஒவ்வொரு நட்டும் அளவு வந்து 'டக்' என்று சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் சாவியை வாங்கினேன். திரும்பும் வழியில் நானும் அப்படி ஒரு ரென்ச் வாங்கிக்கொண்டேன்.

படங்களோடு பழைய கடைக்குப் போனேன். முதலாளி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். குரல் இறங்கியது.

"சரி அண்ணாச்சி, ரிம்மு காசு, கூலி எல்லாம் நான் தந்துருதேன். முடிச்சிக்கிடுவோம்."

"காசு வேண்டாம். ஒரு வரி எழுதிக் குடுங்க. சக்கரம் கழன்றது ஓட்டினவங்க தப்பால இல்ல, மாட்டின முறையாலன்னு. கையெழுத்து, கடை முத்திரை."

"எழுத்துலயா? அது எப்படி அண்ணாச்சி. நாளைக்கு ஒவ்வொருத்தனும் வருவான்லா."

"வரணும். எல்லா வண்டிக்கும் இப்படித்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் சத்தத்தை உயர்த்தினார். கடையில் ஆள் இருந்தது. "அப்போ சாமி சந்தனத்தையா குத்தம் சொல்லுதீங்க?"

நெற்றியில் திருநீற்றோடு நின்றுகொண்டிருந்தேன். "கோயில்ல சாமிக்குத்தான் சாத்துதாங்க. சாத்தின பொறவு சாமி திருச்செந்தூர் ரோட்டுல எண்பதுல போகல, வே."

காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து தன் கார்ப் பக்கம் போய்க் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். முதலாளி என்னை வெளியே போகச் சொன்னார்.

பிறகு எனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கினேன். டயர் கம்பெனியின் மண்டல அலுவலகத்துக்கு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். இணைப்பு: படங்கள், கையேட்டின் பக்கம், பட்டறைச் சான்று. பதிலாக, அவர்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்று கேட்டு என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். உரிய பிரிவு எது என்று கேட்டேன். அதைச் சொல்ல வேண்டிய பிரிவு வேறாம். கடைசியில் நுகர்வோர் ஆணையத்தில் போடப்போகும் மனுவின் நகலையே, போடும் முன் அவர்களுக்கு அனுப்பினேன். மாசி, பங்குனி, சித்திரை போயின. கார் உறை போட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. அவள் செவ்வாயும் வெள்ளியும் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நடக்கட்டும், எழுத்தில் வரட்டும், வந்த பிறகு ஓட்டலாம் என்று நான் சொல்லியிருந்தேன். பதில் இல்லாமல் அவளை மறுபடி அந்தச் சிரிப்புக்கு நடுவே அனுப்ப எனக்கு மனமில்லை.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா இன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா? 'ஏட்டி, நீ வாரது என்னையப் பாக்கவா, மினி பஸ்ஸப் பாக்கவா? வந்ததுல இருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்கியே'ன்னு கேக்கா."

நான் நினைவூட்டல்களின் தேதியைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"நிறுத்துங்க. என் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். இன்னும் எந்தப் பிரிவுக்குத் தெரியணும்?"

"உன் பேரு மேல ஒரு குத்தம் நிக்கி. அது போகணும்ல."

"போகட்டும். அது போறதுக்குள்ள அக்கா போயிருவா."

செவ்வாய்க்கிழமை காலை அவளே உறையை எடுத்தாள். நான் வாங்கி வைத்திருந்த ரென்ச்சைக் கேட்டாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, எதிரெதிராக, நாலு சக்கரத்தின் நட்டுகளையும் 'டக்' கேட்கும்வரை இறுக்கினாள். எதிர்வீட்டுக்காரர் மதில் மேலாகப் பார்த்து, "டீச்சர், சார்வாள் இருக்கையில நீங்க ஏன்?" என்றார். "சார்வாளுக்கு லெட்டர் எழுதுத வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். நான் கூடப் போகவில்லை; அவள் கூப்பிடவும் இல்லை. அன்றிலிருந்து அவள் தனியாகத்தான் போய் வருகிறாள்.

நான் எழுதுவதை நிறுத்தவில்லை. அவளுக்கு வேண்டாம் என்பதால் அவர்கள் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடாது. மகனுக்கும் மைத்துனருக்கும், சிரித்த அந்த இரண்டு பேருக்கும் ஒரு காகிதம் பாக்கி இருந்தது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் டயர் கம்பெனியிடமிருந்து பதிவுத் தபாலில் வந்தது. 'பொருத்தும் முறையில் கவனக்குறைவு நேர்ந்திருப்பதை எங்கள் ஆய்வு உறுதி செய்கிறது. வாகனத்தை ஓட்டியவரின் தவறாகக் கருத இடமில்லை.' வருத்தம் என்ற சொல் அதில் இல்லை. இரண்டு முறை தேடினேன். உடனே அவளுக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது அவள் போன் எடுக்க மாட்டாள், அது விதி. கடிதத்தின் மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதி, கீழே நாளைக் குறித்தேன்: ஆடி பதினெட்டு.