எதிரில் நின்று கூடை பிடித்தவள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதக் காலையில், மரக்காணம் உப்பளத்தில் வரப்பு வழுக்கி விழுந்தேன். நாற்பது வருஷம் அதே வரப்பில் தலையில் உப்புக்கூடையோடு நடந்தவள், அன்றைக்குக் கையில் வெறும் தண்ணீர்ச் செம்போடு போய் விழுந்தேன். வலது தோளில் எலும்பு முறிந்தது.

அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. "கைக்குப் பயிற்சி கொடுக்கணும், இல்லாட்டி தோள் இறுகிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். பயிற்சிக்காகத் தேடிப் போன முதல் இடத்தில், "இந்த அட்டை ஆபரேஷனுக்குத்தாம்மா" என்று திருப்பித் தந்தார்கள். இரண்டாவது இடத்தில் அதைக் கையில்கூட வாங்கவில்லை. அதற்குள் கை தோளுக்கு மேல் எழும்பாமல் போனது. மருமகள்தான் எனக்குக் கொண்டை போட்டுவிட்டாள். பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே தானாகத் தலை வாரிக்கொண்டவள் நான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அனுமந்தை ஊர்க் கருவாட்டுக்காரி, "இன்னாக்கா, கைய கொழந்த மாதிரி மடியில வச்சினு வர்ற?" என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். "திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்குப் போ. எங்க வூட்டுக்காரருக்குக் கால் அங்கதான் சரியாச்சு. அட்டைய வாங்கிக்குவாங்க" என்றாள்.

மறுநாளே கிளம்பினேன். பெருமுக்கல் மலைக்கோயில் தெரிந்தபோது எப்போதும்போலத் தலைக்குமேல் கை தூக்கினேன். இடது கை மட்டும்தான் எழுந்தது.

ஆஸ்பத்திரியில் அட்டையை வாங்கிப் பதிந்துகொண்டார்கள். எழுத்துக் கூட்டிப் பலகையைப் படித்து, பயிற்சி அறையைக் கண்டுபிடித்தேன். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் மருமகள் வயசுதான் இருக்கும். கையைப் பிடித்து மேலே தூக்கும்போதெல்லாம், "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். உயிர் போகிற வலி. உப்பளத்தில் வலி என்ற சொல் மேஸ்திரி காதில் விழுந்தால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார். அந்தப் பழக்கம்.

நாலாம் முறை போனபோது, பஸ்ஸில் அவிழ்ந்த கொண்டையைப் போட முடியாமல் அவள் முன்னால் தவித்தேன். முடியை ஒதுக்கிவிட வந்தவள், தோள் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"வலிக்கலன்னு சொன்னீங்களே! நம்பித்தானேம்மா அமுக்கினேன்" என்றாள்.

மேஸ்திரி கதையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னாள். வீக்கம் வடிந்தபின் நான் போனபோது, வெறும் பிளாஸ்டிக் கூடை ஒன்று வைத்திருந்தாள். "உப்பு தூக்குற மாதிரி தூக்குங்க, பாக்கலாம்."

"தனியா எவளும் தூக்க மாட்டா. எதிர்ல ஒருத்தி புடிக்கணும்" என்றேன்.

அவளே எதிரில் வந்து நின்று பிடித்தாள். உப்பளத்தில் எனக்கு எதிரில் நின்றவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. முகம் வேறு, ஆனால் கூடை விளிம்பில் அதே இடத்தில் இரண்டு கை. வெள்ளையாய்க் குவிந்த உப்பும், கண் கூசுகிற வெயிலும், அந்தப் பழைய கூட்டாளி வாயிலிருந்த வெற்றிலை மணமும் ஒரு நொடியில் வந்துபோயின. கூடை நெஞ்சுக்கு மேலே ஏறியது.

"தாங்கலடி!" என்று கத்திவிட்டேன்.

டாக்டரம்மா சட்டென்று இறக்கினாள். ஒரு டாக்டரை 'டி' போட்டுக் கூப்பிட்டுவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளோ சிரித்தாள். "இந்த வார்த்தைக்குத்தான் இத்தன நாளா காத்துனு இருந்தேன். இனிமே நீங்க தாங்கலன்னு சொல்ற அளவோட நிறுத்திக்கலாம்."

வாரா வாரம் கூடை ஒரு விரற்கடை மேலே போனது. ஆடி மாதத்தில் தலையைத் தொட்டது. அன்று திரும்பும் வழியில் பெருமுக்கல் மலையைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டேன்.

மேஸ்திரியிடம் வலியை மறைக்கலாம், எதிரில் கூடை பிடிப்பவளிடம் மறைத்தால் கூடை இரண்டு பேர் மேலும் விழும் என்பது உப்பளத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த அறையில் இருந்தவள் மேஸ்திரி இல்லை என்று புரிந்துகொள்ளத்தான் எனக்கு நாலு நடை தேவைப்பட்டது என்று, தினமும் என் கையால் கொண்டை போடும்போது நினைத்துக்கொள்கிறேன்.