யார் மூச்சுக்கு எந்த எண்

பூந்தமல்லி பேருந்து நிலையத்தில், மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்பை ஒட்டி நின்றிருந்தபோது செல்வம் அழைத்தார். பின்னணியில் படகு எஞ்சின் சத்தம். "சார், ஹசீனாக்கா பூட்டாங்க. மாரடைப்பாம். நாங்க இப்பதான் கரைக்கு வந்துகினு கீறோம். நீங்க முன்னாடி போங்க." வந்து நின்ற பேருந்தை விட்டுவிட்டு ஹசீனாவின் வீட்டுத் தெருவுக்கு நடந்தேன்.

திருமழிசை தொழிற்பேட்டையில் அவர் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடல் கண்ணுக்கெட்டாத அந்த இடத்தில், கடலில் மூழ்கி வேலை செய்பவர்களின் கருவிகளை ஹசீனா பழுதுபார்த்தார். அவற்றில் கட்டைவிரல் பருமனில் ஒரு டிரான்ஸ்மிட்டர் உண்டு. சிலிண்டரில் இன்னும் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை அது கம்பியில்லாமல் மணிக்கட்டிலுள்ள குட்டிக் கணினிக்கு அனுப்பும். அந்தக் கணினியை எல்லோரும் 'வாட்ச்' என்றுதான் சொல்வார்கள். டிரான்ஸ்மிட்டரைக் கைப்பிடிபோலப் பிடித்துக் கருவியைத் தூக்கி வருபவர்களுக்கு வாசலிலேயே கிடைக்கும்: "கொழந்தைய காதப் புடிச்சா தூக்குவ?"

பட்டறையைப் பற்றி எழுத நான் போயிருந்த நாளில்தான் செல்வமும் அவர் கூட்டாளி ரவியும் வந்தார்கள். எண்ணூர் பக்கம் படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது இருவருக்கும் தொழில். செல்வம் வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பாதி சிலிண்டருக்கு மேல காத்து கீதுன்னு காட்டுது. இழுத்தா ஒண்ணும் வரல. ரவி அவனோட ஸ்பேர் குழாய குடுக்கலன்னா, நீ என் போட்டோவுக்கு மால வாங்கியிருப்பக்கா. இந்த டப்பாவ நம்பி இனிமே நான் எறங்க மாட்டேன்." ஆவடியில் ஒரு குடோனில் காவல் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். தனியாகக் கடலில் இறங்க முடியாது; செல்வம் போனால் ரவிக்கும் தொழில் இல்லை.

ஹசீனா செல்வத்தின் சிலிண்டர் வால்வைத் திறந்தார். செல்வத்தின் வாட்ச்சில் எண் வரவில்லை. அதை மூடிவிட்டு ரவியின் வால்வைத் திறந்தார். இப்போது செல்வத்தின் வாட்ச் எண்ணைக் காட்டியது. வால்வை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"தப்பு என்னுது, செல்வம்."

முன்பு பேட்டரி மாற்ற வந்த இரண்டு செட்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு வால்வையும் ஒன்றாகத் திறந்து, டிரான்ஸ்மிட்டர்களை வாட்ச்சுகளோடு இணைத்திருக்கிறார். செல்வத்தின் வாட்ச் ரவியின் டிரான்ஸ்மிட்டரைப் பிடித்துக்கொண்டது. இரண்டு சிலிண்டரும் நிரம்பியிருந்ததால் இரண்டு வாட்ச்சிலும் ஒரே எண். சரியென்று கொடுத்துவிட்டார். கடலுக்கடியில் செல்வம் பார்த்தது, கையெட்டும் தூரத்தில் வேலை செய்த ரவியின் காற்றை.

இதை எழுதாமல் விடவா என்று கேட்டேன். "பேரோட எழுதுங்க சார். மத்த பட்டறைலயும் இப்பிடித்தான் பக்கத்துல வெச்சி சேக்குறாங்க." எழுதினேன்.

ஒரு செட்டை உள்ளேயும் மற்றதை முற்றத்திலுமாக வைத்து மறுபடி இணைத்துக் கொடுத்தார். செல்வம் வாங்கவில்லை. "மொதல்ல நீ எறங்கு. அப்பறம் பாக்கலாம்," என்றார். ஹசீனாவுக்கு நீச்சல் தெரியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பட்டறைக்குப் பின்னால், கசிவு பார்க்க ஆளுயரத்துக்கு மேல் ஆழமான ஒரு சிமெண்ட் தொட்டி. ஹசீனா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டார். "ரவி, செல்வத்தோட செட்ட எனக்கு மாட்டு."

"அக்கா, சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்."

"நான் வெளாட்டுக்கு எறங்கல."

ஏணியைப் பிடித்தபடி தலை மூழ்கும்வரை போனார். குமிழிகள் வந்தன. செல்வம் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார், நகர்ந்தார், மறுபடி பார்த்தார். பிறகு ரவியின் செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு தொட்டியில் குதித்தார். தண்ணீர் வழிந்து என் செருப்பை நனைத்தது.

மேலே வந்ததும் ஹசீனா மூச்சு வாங்கியபடி சொன்னார்: "எறங்க மாட்டேன்ன? தல முழுக்க நனைஞ்சி கீற."

"நீச்சல் தெரியாதவள உள்ள வுட்டுட்டு வேடிக்கையா பாக்க சொல்ற?"

"அத வுடு. நான் இழுத்தப்போ யார் நம்பர் எறங்குச்சி?"

செல்வம் இரண்டு வாட்ச்சையும் பார்த்துச் சொன்னார்: "ஒன்னுது. நான் மூச்ச புடிச்சி பாத்தேன், என்னுது அசையல."

அன்றிலிருந்து ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் அதன் வாட்ச் பட்டைக்கும் ஒரே நிறத்தில் நூல் கட்டினார். மூச்சுக் குழாயை வாயில் வைத்து இழுத்துப் பார்க்காமல் யாரும் கருவியோடு வெளியே போக முடியாது. "நம்பர் எவ்ளோன்னு பாக்காத. ஒன் மூச்சுக்கு ஒன் நம்பர் எறங்குதான்னு பாரு," என்பார்.

அடக்கத்துக்கு செல்வமும் ரவியும் படகிலிருந்து நேராக வந்தார்கள். செல்வத்தின் வாட்ச் பட்டையில் பச்சை நூல் இன்னும் ஈரமாக இருந்தது. "காலைலயும் எறங்கறதுக்கு முன்னாடி இழுத்துப் பாத்தோம் சார். பக்கத்துப் படகுக்காரங்களும் இப்ப அப்பிடித்தான் பண்றாங்க," என்றார். நாளைக்கும் வேலை இருப்பதாக ரவி சொன்னார்.

ஓர் எண்ணை யாராவது என் முன் வைத்தால், அது யார் மூச்சுக்கு இறங்கும் எண் என்று கேட்கும் பழக்கம் ஹசீனாவிடமிருந்து எனக்கு வந்தது. அதைவிடக் கெட்டியாக நான் வைத்திருப்பது 'தப்பு என்னுது' என்ற அவர் குரலையும், இறங்கவே மாட்டேன் என்றவர் குதித்ததில் வழிந்த அந்தத் தண்ணீரையும்.