காக்காவின் கத்தி

எங்கள் குசினியில், அடுப்புக்கு மேலே சுவரில் காக்காவின் கத்தி இன்னும் தொங்குகிறது. காக்கா என் மூத்த சகோதரர். நிந்தவூரில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், முன்கோபத்துக்குப் பேர்போனவர். ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி அறுக்கும்போது மட்டும் அவரது கை நடுங்கியதே இல்லை. இரத்தம் இடுப்பில் கட்டிய சாரன் வரை தெறிக்கும். கோழிகள் நோயில் தலையைத் தொங்கப்போட்டு நின்றால் அதே கையால் தண்ணீர்த் தாங்கியில் கிருமிகொல்லி மருந்தைக் கொட்டுவார்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கிறவள். மருந்தை வெல்லும் வித்தையைக் கோழிக்குடல் கிருமிகள் பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையத்தில் வைத்து ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கின்றன என்று காக்காவிடம் தலைபாடாய் அடித்துச் சொன்னேன். தொடக்கத்தில் அந்த வளையம் கிருமிக்குச் சுமை. மருந்தை நிறுத்தினால் கழன்றுவிடக்கூடும். குடலுக்குள் காலம் தள்ளிவிட்டால் இரண்டும் பழகிப்போகும், பிறகு மருந்தே இல்லாவிட்டாலும் பிரியாது. ஒருநாள் எரிச்சலில் காக்கா மருந்துப் போத்தலைச் சுவரில் அடித்து உடைத்தார். “நிப்பாட்டிட்டன், போதுமா?” என்றார். ஆனால் புதுக் குஞ்சுகளை விட்டது கொட்டில் தரையில் விரித்திருந்த பழைய உமியின் மேல்தான். அறுவடைக்கு முன் மில்லில் உமி ஏது? இருந்ததைக் கிளறி எச்சத்தை மூடிவிட்டார்.

ஒரு கல்யாணத்துக்கு அறுக்கும்போது கோழி துடித்ததில் கத்தி நழுவியது. விழவிடாமல் கூர்ப்பக்கத்தோடு வலக்கையால் பிடித்ததில் உள்ளங்கை கிழிந்தது. சீலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு, மிச்சக் கோழிகளின் குடலையும் அதே கையால் பிடுங்கினார்.

கை கறுத்து வீங்கியது. ஆஸ்பத்திரியில் மருந்து மாற்றி மருந்து ஏற்றினார்கள். அவரது சீழிலிருந்த கிருமியை நானே ஆய்வுகூடத்தில் வளர்த்தேன். வளர்ப்புத் தட்டில் வைத்த எந்த மருந்து வில்லைக்கும் சாகாமல், விளிம்புவரை கிருமி முட்டி நின்றது. பண்ணை எச்சத்திலும் அப்படியே. இரண்டிலும் ஒரே வளையம் என்று கொழும்பிலிருந்து பிறகு முடிவு வந்தது. கோழியிலிருந்து வந்திருக்கும் என்று நான் வாய் திறந்ததுமே சேலைன் கம்பத்தைத் தூக்கி எறிந்தார்.

“என்ட கோழியிலயா பழியப் போடுறாய்? எழும்பிப் போடி!”

என் நெற்றி கிழிந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. எனக்கு ஆத்திரம்தான், ஆனாலும் அவர் மௌத்தாகிவிடுவார் என்ற பயம் அதைவிடப் பெரிது. மணிக்கட்டுக்கு மேலே கையை வெட்டித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

வீடு வந்ததும் உமியைக் குவித்துத் தீ வைத்தார். கொட்டிலும் சேர்ந்து எரிந்தது. இப்போது புதுக் கொட்டில், புது உமி, மருந்தே இல்லை. போன கிழமை எச்சத்தைச் சோதித்தோம். குஞ்சுகளோடேயே வந்ததோ என்னவோ, வளையம் இருந்தது.

“இன்னும் போகல்லியா புள்ள?” குசினியில் இருந்த காக்கா கேட்டார்.

“இல்ல காக்கா.”

“எல்லாத்தையும் அறுத்துப் புதைச்சிடுறன்!” என்று கத்திக்கொண்டு எழும்பினார். சுவரிலிருந்த கத்தியை நோக்கி முதலில் உயர்ந்தது, வெட்டுண்ட அந்த வலக்கைதான்.