நகராமல் நின்ற ஆட்டக்காரர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் நடந்ததை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது.

கணினியில் துப்பாக்கி ஆட்டம் ஆடும் ஐந்து பேர் அணி எங்களுடையது. வியாழக்கிழமை தகுதிப் போட்டி. என்னிடம் இரண்டு கெட்ட பழக்கங்கள். துப்பாக்கிக் குறியைத் தரையில் வைத்துக்கொண்டே ஓடுவேன். எதிராளி தெரிந்த பிறகுதான் தலைக்கு ஏற்றுவேன். அதற்குள் என் கதை முடிந்திருக்கும். இன்னொன்று, யாராவது விழுந்தால் அவர் மேலேயே நின்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுவேன். ஆட்டத்தில் அதைவிடக் கேவலமான கேலி கிடையாது.

எங்கள் கேப்டன் அக்கா சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"உன் குறியும் சரியில்ல, நடத்தையும் சரியில்ல. இன்னொரு புகார் வந்துச்சுன்னா வியாழக்கிழமை நீ ஆட வேணாம். கைதட்ட வந்தாப் போதும்."

அதனால்தான் விடுமுறை நாளான அந்தச் செவ்வாய்க்கிழமை கணினி விளையாட்டு மையத்துக்குப் போனேன். முதலாளி அண்ணன் கதவைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனார். உள்ளே எட்டுக் கணினிகள். நான் இந்த ஊருக்கு வந்த நாலு மாதமாக ஐந்தாவதை மட்டும் எப்போதும் துணி போட்டு மூடியிருப்பார். பழுது என்று நினைத்திருந்தேன். நான் நாலாவதில் உட்கார்ந்தேன்.

ஆட்டத்துக்குள் கடவுச்சொல் போட்டுத் தனி அறை திறந்தேன். மணி 2.40. ஒவ்வொரு சுவர் மூலையிலும் தலை உயரத்துக்குக் குறியை நிறுத்தி நடந்து பழகினேன். குறி நிலைகொள்ளவில்லை.

2.51. திரையின் மூலையில், 'ஆட்டக்காரர்கள்: 2'.

கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும்...

திரையில், முற்றத்தின் நடுவில் ஓர் உருவம். பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. ஓடவில்லை. ஒளியவில்லை. அக்காதான் எப்படியோ நுழைந்து சோதிக்கிறார் போல என்று நினைத்துச் சுட்டேன். மூன்றாவது குண்டில் விழுந்தது. பழக்கதோஷம்... அதன் மேல் நின்று உட்கார்ந்து எழுந்தேன்.

மறுபடி வந்தது. அதே இடம். அதே நிலை.

சுட்டேன். எழுந்து வந்தது. சுட்டேன். என் குறி நேராகிக்கொண்டே போனது. சந்தோஷப்பட முடியவில்லை.

2.58. டிக்.

மவுஸ் பொத்தானின் சத்தம். என்னுடையது அல்ல. வலப்பக்கத்திலிருந்து...

திரையில் ஒரு வரி வந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க. நெஞ்சு வலிக்குது."

யோசிக்கும் முன்பே என் விரல்கள் தட்டிவிட்டன.

"நடிக்காதடா."

டிக். டிக்.

திரும்பினேன். ஐந்தாவது கணினியின் துணி மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு விடுவதுபோல.

ஏறியது.

இறங்கியது...

நின்றுவிட்டது.

மணி 3.12. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

வியாழக்கிழமை. அதே மையத்தில் தகுதிப் போட்டியின் கடைசிச் சுற்று. எங்கள் அணியில் நான் மட்டும் மிச்சம், அவர்களில் ஒருவர். மூலை திரும்பினேன். அவர் நகராமல் நின்றார். என் குறி அவர் தலையில் இம்மிகூட ஆடவில்லை. சுட முடியவில்லை. இணைய இணைப்பு அறுந்து நின்றிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்ததும் என்னைச் சுட்டார். தோற்றோம்.

அக்கா திட்டவில்லை. "குறி சரியாத்தானே இருந்துச்சு. ஏன்டா சுடல?"

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் நின்ற முதலாளி அண்ணனின் முகம் வெளுத்தது.

"அஞ்சாவதுலயா?"

ஐந்து மாதங்களுக்கு முன், ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் அந்த நாற்காலியில் இறந்திருக்கிறார். வேறு ஊரிலிருந்து ஆடிய எதிராளிக்கு அது தெரியாது. நின்ற உருவத்தைச் சுட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த ஆட்டத்தின் பதிவை அழிக்க மனம் வரவில்லை என்று சொல்லி, அண்ணன் அதைப் போட்டுக் காட்டினார்.

அதே முற்றம். அதே வரி. கீழே, "நடிக்காதடா."

விழுந்த உடல்மேல் ஒருவன் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான். பதிவு முடிந்த நேரம் 3.12.

ஒவ்வொரு முறை சுடும்போதும் மேல் மூலையில் சுட்டவன் பெயர் வந்துபோனது. பதினொரு முறை.

என் பெயர்.