சோறு கொண்டுவந்தவள்

கிழக்குத் தாம்பரத்தில் ஜீவரத்தினத்தைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை, டாக்டருக்குக் கிளினிக், ரயில்வேக்காரர்களுக்கு வீடு என்று பதினைந்து வருஷமாகக் கட்டிக்கொடுத்துவந்த கான்ட்ராக்டர். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போவார். மனைவி கிருபா பள்ளி ஆசிரியை.

1969இல் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் இரண்டு மாடிக் கடைக்கட்டடம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. வேலையாட்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் ஒப்பந்தம் என்று இடத்துக்காரர் சொல்லிவிட்டார். ஏஜென்ட் கஸ்தூரிரங்கன் படிவத்தோடு வந்து, வேலை செய்பவர்கள் எல்லாரையும் பட்டியலில் எழுதச் சொன்னார். ஜீவரத்தினம் கொத்தனார்களையும் தச்சர்களையும் எழுதினார். கல்லும் சாந்தும் சுமக்கிற சித்தாள் பெண்கள் ஒன்பது பேரை விட்டுவிட்டார். ஏன் என்று ஏஜென்ட் கேட்டதற்கு, அவர்கள் இன்று வருவார்கள், நாளை வரமாட்டார்கள் என்றார். உண்மையில் ஆள் குறைந்தால் பிரீமியம் குறையும், அவ்வளவுதான்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி முத்தாலம்மாள். கோவளம் பக்கத்து மீன்காரக் குடும்பம். கடலில் புருஷன் போனபிறகு பெருங்களத்தூரில் குடிசை போட்டுக்கொண்டு, ஜீவரத்தினத்திடம் ஏழு வருஷமாகச் சித்தாள் வேலை செய்துவந்தாள். வேலைக்கு வராத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த காலையில் சாரம் சரிந்தது. ஈரத்தில் கயிறு நழுவி, சவுக்குக் கழிகள் மொத்தமாக வந்து விழுந்தன. மேலே நின்ற கொத்தனார் பூவராகனுக்குக் கால் முறிந்தது. சாந்துச் சட்டியோடு ஏறிக்கொண்டிருந்த முத்தாலம்மாளின் வலதுகை கழிகளுக்கு அடியில் மாட்டி நசுங்கியது. மணிக்கட்டோடு எடுக்கவேண்டியதாயிற்று.

கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வரப்போவதாகக் கஸ்தூரிரங்கன் சொன்னதும் ஜீவரத்தினம் கணக்குப் போட்டுப்பார்த்தார். ஆட்களை மறைத்தது தெரிந்தால் பூவராகனுக்கு வரவேண்டியதையும் நிறுத்திவிடுவார்கள். இரண்டு பேருக்கும் தானே கொடுக்கவேண்டிவரும் என்று பயந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப்போட்ட கையை மார்மேல் வைத்துப் படுத்திருந்தவளிடம், யாராவது கேட்டால் பூவராகனுக்குச் சோறு கொண்டுவந்ததாகச் சொல்லும்படியும், அவளுக்கு வேண்டியதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "சரி சார். அப்டியே சொல்றேன்" என்றாள்.

மறுநாள் விசாரிக்க வந்தவரிடம் ஜீவரத்தினமும் அதையே சொன்னார்: "அந்தம்மா நம்ம ஆள் இல்ல சார். கொத்தனாருக்குச் சாப்பாடு எடுத்துட்டு வந்தாங்க." பக்கத்தில் நின்ற கஸ்தூரிரங்கன் வாயைத் திறக்கவில்லை. பூவராகனுக்கு நஷ்டஈடு வந்தது. முத்தாலம்மாளுக்கு எதுவும் இல்லை.

கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். புதுச் சுவருக்குத் தண்ணீர் விடும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். இடதுகையால் குடத்தை இடுப்போடு அணைத்துப் பிடித்து, உடம்பைச் சாய்த்து அவள் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று அவர் யோசித்திருக்கவில்லை. அவள் இருக்கும் பக்கம் போகாமல் மேஸ்திரியிடமே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். கிருபா கேட்டால் வயிறு சரியில்லை என்பார்.

இப்படியே நான்கு வருஷம் போயிற்று. 1973இல் சபைக்குக் கூடம் கட்ட முடிவானபோது, கமிட்டியில் ஒருவர் எழுந்து, கை போன ஏழைப் பெண்ணை இன்றுவரை கைவிடாமல் வைத்திருக்கும் ஜீவரத்தினத்துக்கே அந்த வேலையைக் கொடுக்கவேண்டும் என்று பேசினார். எல்லாரும் ஆமோதித்தார்கள். ஜீவரத்தினத்தால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் முதல்தடவையாகக் கிருபாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள், "இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் முத்தாலம்மாளின் குடிசை வாசலில் நின்றுகொண்டே சொன்னார். பட்டியலில் அவள் பெயரை எழுதாதது, அவளை வைத்தே பொய் சொல்லவைத்தது, எல்லாவற்றையும்.

"தெரியும் சார்" என்றாள் முத்தாலம்மாள். "பூவராகன் சம்சாரம் அப்பவே சொல்லிச்சு. வாயத் தொறந்தா கீற வேலையும் பூடும்னு கம்முனு இருந்துட்டேன்." பிறகு சொன்னாள்: "துட்டு கெடக்குது வுடு. ஏழு வருசம் உன்கிட்ட கல்லு சொமந்தேன். சோறு கொண்டாந்தவள்னு எழுதவச்சியே, அதான் சார் ஆறல."

அதுவரை அவரை அவள் ஒருமையில் பேசியதில்லை.

கஸ்தூரிரங்கன் தடுத்துப்பார்த்தார். கம்பெனிகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டாயிற்று, பழைய பொய்யைக் கிளறினால் இனி உங்களுக்குப் பாலிசியே தரமாட்டார்கள் என்றார். ஜீவரத்தினம் கேட்கவில்லை. முத்தாலம்மாளை அழைத்துக்கொண்டு தொழிலாளர் நஷ்டஈட்டு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய், தான் சொன்னது பொய், இவள் என் வேலையாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலம் கடந்த மனுவை அதிகாரி ஏற்றுக்கொண்டார். பாலிசியில் இல்லாத ஆளுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. தனக்கு வீடு கட்டக் கோவிலம்பாக்கத்தில் வாங்கிப்போட்டிருந்த மனையை விற்று ஜீவரத்தினமே நஷ்டஈட்டுப் பணத்தைக் கட்டினார்.

சபைக் கூடம் வேறொருவருக்குப் போயிற்று. கஸ்தூரிரங்கன் சொன்னபடியே பாலிசியும் கிடைக்கவில்லை. அதனால் பெரிய வேலைகளும் வரவில்லை. ஓடு மாற்றுவது, காம்பவுண்டுச் சுவர் எழுப்புவது என்று கிடைத்ததைச் செய்தார். உண்மையைச் சொன்னதும் மனம் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை. யார் கையையாவது பார்த்தால் முதலில் மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

முத்தாலம்மாள் வேலையை விட்டுவிட்டுப் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் அருகே இட்லிக்கடை போட்டாள். மாவாட்ட ஒரு பெண்ணை வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப்போன ஜீவரத்தினம், ஒருநாள் செங்கல்பட்டு பஸ்ஸைத் தவறவிட்டு அவள் கடைக்கு எதிரிலேயே நிற்கவேண்டியதாயிற்று. அவள் பார்த்துவிட்டாள். போய் பெஞ்சியில் உட்கார்ந்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார்.

அவள் இடதுகையால் நான்கு இட்லி எடுத்துவைத்து, "சட்னி காரமா கீது. சாம்பார் ஊத்தட்டா?" என்று கேட்டாள். பிறகு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். ஜீவரத்தினம் நான்கையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் போய் நின்றார்.