இரும்புக் கசடும் எங்கள் ஒழுங்கையும்

வயல் வட்டையில் எறியும் உரம் பயிரோடு நின்றுவிடுவதில்லை. வாய்க்கால் வழியே வந்து எங்கள் வேலிக்குப் பின்னால் வாவியில் விழும். சில வருடங்களாக அந்த மூலை பச்சைக் குழம்பாகவே கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று இறால் தடவிப் பிடிக்க எனக்கிருந்தது அந்த ஓர் இடம்தான். தூரம் போக இந்த வயதில் என் கால் விடாது.

போன வருடம் ஒரு திட்டம் வந்தது. இரும்பாலையில் உருக்கிக் கழித்த கசடை லொறியில் கொண்டுவந்தார்கள். பார்த்தால் கறுப்புக் கல். அதைக் கம்பிக் கூட்டில் நிரப்பி வாய்க்காலுக்குக் குறுக்கே வைத்தார்கள். தண்ணீரில் கரைந்து வரும் உர உப்பு அதில் ஒட்டிக்கொள்ளுமாம். பொய் சொல்லக்கூடாது, இரண்டு மாதத்தில் பச்சை விலகியது. கறிக்கு இறால் கிடைத்தது.

கூட்டுக்கு என்னைக் காவல் போட்டார்கள். அதற்கு வைத்த ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு மாரி பிறந்தது. எங்கள் பக்கம் தோண்டினால் மணல், மிதித்தால் சேறு. கல்லைக் கண்டால் விடமாட்டோம். முதலில் பக்கத்து வீட்டுக்காரி ஓலைக் கடகத்தோடு வந்தாள்.

“பெத்தா, வாசல்ல ஒரே சேறு. ஒரு கடகம் அள்ளட்டா?”

“அது தண்ணிக்கு வச்ச கல்லு, புள்ள.”

“தண்ணிக்கு எதுக்குக் கல்லு? அது வழுக்கி விழவா போகுது?”

சிரித்துவிட்டேன். அது அனுமதியாகிவிட்டது. மறுநாள் ஒழுங்கையின் இரு பக்க வீடும் கடகத்தோடு நின்றது. கோயில் தலைவர் உழவு மெசினோடு வந்து, “சாமி போற பாதை” என்று ஒழுங்கை நெடுக அள்ளிக் கொட்டினார். சாமியோடு யார் வாதாடுவது? கடைசியாக அடியில் கிடந்த ஒரு கடகம் கல்லை நானும் என் கிணற்றடிக்கு எடுத்தேன். காவல்காரிக்கு ஒன்றுமில்லாமல் போனால் திட்டத்துக்கு அழகில்லையே.

மழை விடுமுன்னே மூலை மறுபடி பச்சையாயிற்று. இறாலும் போயிற்று.

மழை விட்டதும் பார்வையிடத் திட்டக்காரர் ஐந்து பேர் வந்தார்கள். சப்பாத்தில் ஒரு துளி சேறு படாமல் ஒழுங்கை நெடுக நடந்து வந்து, பாதையைப் புகழ்ந்தார்கள். கூட்டை எட்டிப் பார்க்காமல் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அவர்களில் பெரியவர் என்னைக் கேட்டார்:

“எப்படியம்மா, கல்லு வேலை செய்யுதா?”

ஓம் என்றால் இனி ஒரு கல்லும் வராது, இறாலும் வராது. உண்மையைச் சொன்னால் ஊர் என்னைத் தின்னும். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

“செய்யுது ஐயா. நீங்க மிதிச்சு வந்தது அந்தக் கல்லத்தான். கூட்டுக்குள்ள ஒண்டுமில்ல.”

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரியின் குரல்: “ஐயோ, பெத்தா வாயத் திறந்திட்டா!”

கொப்பியோடு நின்றவர், “என்ன சேர் எழுதுறது?” என்றார்.

பெரியவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். “தண்ணியும் சுத்தம், பாதையும் சுத்தம். இரட்டைப் பயன் எண்டு எழுதுங்க.”

அவர்கள் போனதும் என் கிணற்றடிக் கல்லைக் கடகத்தில் அள்ளினேன், கூட்டில் திருப்பிப் போட. பக்கத்து வீட்டுக்காரி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

“பெத்தா, மறுகா இன்னொரு லொறி வருமாமா? குசினிப் பக்கமும் சேறாக் கிடக்கு.”

“வந்தா அந்தக் கல்லையாவது தண்ணிக்கு விடுகா, புள்ள,” என்றேன்.