கொட்டாஞ்சேனையில் அறுக்காமல் விட்ட ஓரம்

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குக் கடையிடம் பார்க்கப் போனேன். அதன் மிகப் பெறுமதியான பகுதி இல்லாமலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டு திரும்பினேன். வெள்ளவத்தையில் பதினேழு வருடமாகப் பிளாஸ்டிக் சாமான் விற்கிறேன். கடை இருக்கும் கட்டடத்தை இடித்து மாடிவீடு கட்டப்போகிறார்கள். இரண்டு மாதத்துக்குள் வேறு இடம் அமையாவிட்டால் நானும் என்னிடம் வேலை செய்யும் நால்வரும் தெருவில்தான். என்னைப்போல கொழும்புக்குள் இடம் தேடி அலைபவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவும்.

காலை 8.10க்கு வெள்ளவத்தையில் ரயில். மூன்றாம் வகுப்பு நாற்பது ரூபாய், ஒன்பது கிலோமீற்றர், இருபத்தைந்து நிமிடம். கடல் பக்கக் கதவோரம் நில்லுங்கள், காற்றுக்குக் கட்டணமில்லை. கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்தேன்.

"நானா, மீற்றர் போடுறீங்களா?"

"மீற்றர் போட்டா நான் அழணும். முன்னூத்தம்பது தாங்க, ரெண்டு பேரும் சிரிச்சிட்டுப் போவோம்."

மூன்று கிலோமீற்றர்தான். துறைமுகத்து லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இடத்தைக் கண்டதும் மனம் குதித்தது. இரண்டு தெருக்கள் சந்திக்கும் மூலை. ஆனால் கடையின் முன்சுவர் மூலையிலிருந்து எட்டடி உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. விட்ட வெளியில் ஒரு வடை வண்டி, செருப்புத் தைக்கும் ஒருவர், கீரைக் கட்டுகளோடு ஒரு பெண். நான் டேப்பை எடுத்து அளந்தேன்: எட்டுக்குப் பத்தடி.

கடையின் சொந்தக்காரி ரெஜினாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரம் எழுதும் வேலை. குடியிருப்பது கடைக்கு மேல்மாடியில். மாத வாடகை எண்பத்தையாயிரம் என்று ஃபோனிலேயே சொல்லியிருந்தார். படியடியிலேயே கேட்டுவிட்டேன்.

"முன்னுக்கு இருக்கிறவை எப்ப எழும்புவினம்?"

"எழும்பமாட்டினம், அண்ணை. அந்த மூலை வாடகைக்கில்லை."

"மூலைதானே கடையே! அவைக்குப் பின்னால, கழிவுநீர்க் கானுக்குப் பக்கத்தில இடம் குடுப்பம்."

"பின்னால ஆர் வருவினம்? வயலின்ரை ஓரத்தை அறுக்காமல் விடச்சொல்லி வேதத்தில இருக்கு. இல்லாதவனும் ஊர்விட்டு வந்தவனும் தன்ரை கையாலை அறுத்துக்கொள்ளட்டும் எண்டு. எனக்கு வயலில்லை. இருக்கிற ஓரம் இதுதான். சுவர் கட்டின மேசன் பாஸ் மூண்டு தரம் அளவுக் கயிறை வெளிய இழுத்தவர், நான் மூண்டு தரம் உள்ளுக்குத் தள்ளினன்."

"அவையிட்டை எவ்வளவு எடுக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. எடுத்தால் அது என்ரையாகிடும்."

நான் சைவன். வேதாகமம் எனக்குப் பழக்கமில்லை. பேரம் நல்ல பழக்கம். மூலைக்கு மட்டும் மாதம் நாற்பதாயிரம் கூடத் தருகிறேன் என்றேன். சிரித்தார்.

"போன மாசம் ஃபோன் கடைக்காரர் அறுபது சொன்னவர். அவரையும் இந்தப் படியாலைதான் அனுப்பினனான்."

கோபத்தோடு வெளியே வந்தேன். கீரை விற்கும் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் பார்வதி, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவளாம்.

"முதலாளி, அளந்தீங்களே, எங்களையும் சேத்தா அளந்தீங்க?"

"ஏன், பயமோ?"

"டேப்போட யாரு வந்தாலும் அன்னைக்கு எனக்கு யாவாரம் ஓடாதுங்க. அக்கா மாட்டேன்னுதான் சொல்லும். ஆனா காசுன்னா காசுதானே? இங்கேயிருந்து எந்திரிச்சா எனக்கு வேற எடம் கெடையாது."

இரண்டு கட்டு வல்லாரை வாங்கினேன், நூற்றிருபது ரூபாய். பேரம் பேச வாய் வரவில்லை. அதற்குள் மழை பிடித்துவிட்டது. ஒதுங்க வேறு இடமில்லாமல் ரெஜினாவின் மேல்மாடிக்கு ஏறினேன்.

கூரை ஒழுகியது. அறைக்குள் நான்கு வாளிகள், கட்டிலின் மேல் ஒரு பேசின். அந்த அறுபதாயிரத்தை வாங்கியிருந்தால் சில மாதங்களில் கூரையே புதிதாகியிருக்கும். ரெஜினாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாமலில்லை. நானும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தவன்தான். உண்மையைச் சொன்னால், விலைபோகாமல் தேங்கிய சாமானைத்தான் கொடுத்தேன். தன்னிடம் இருப்பதில் ஆக விலைபோகும் பக்கத்தை விட்டுவிட்டு, நனைந்த வீட்டில் நிம்மதியாகத் தேத்தண்ணி ஊற்றும் ஒருவரை அன்றுதான் கண்டேன். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினேன்.

"சொந்தக் காணி, தங்கச்சி. ஏன் இப்பிடி?"

"முப்பது வருசமா உறுதி எழுதுறன், அண்ணை. காணியை விடக் கனகாலம் இருந்த சொந்தக்காரன் ஒருத்தனையும் நான் காணேல்லை. நிலம் கடவுளின்ரை. நாங்கள் வந்து தங்கிறவை. கீழ இருக்கிறவையைப் போலத்தான்."

மழை விடும்வரை தேத்தண்ணியைக் குடித்தேன். பிறகு எனக்குள்ளிருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

"அப்ப மூலையைக் கழிச்சு வாடகையைச் சொல்லுங்கோ."

"கழிச்சுத்தான் சொன்னனான்."

என் கடை வாசல் இனிமேல் வடை வண்டிக்குப் பின்னால்தான் இருக்கும். ஒரு பக்கத்துத் தெருவில் வருபவர்களுக்கு என் வாளிகள் தெரியாது. நட்டம்தான், மறைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அந்தச் சுவரை வெளியே தள்ளச் சொல்லி இன்னொரு தரம் கேட்க என்னால் முடியவில்லை.

இடம் பார்க்கப் போகிறவர்கள் மழை நாளில் போங்கள். கூரையும் கானும் அன்றைக்குத்தான் உண்மை பேசும். உறுதியின் பிரதியைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். வாடகையைப் பேசமுதல், வாசலில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களோடு பத்து நிமிடம் கதையுங்கள். நான் அதைப் பிந்தித்தான் செய்தேன்.

முடிவான ஒப்பந்தம்: மாதம் எண்பத்தையாயிரம், ஆறு மாத முற்பணம், ஆறு வருடம். முன்மூலை எட்டுக்குப் பத்தடி இதில் சேராது. அங்கே இருப்பவர்களை நான் எழுப்பவும் கூடாது, காசு கொடுத்து அனுப்பவும் கூடாது.